கண்ணகி–முருகேசன் கொலை வழக்கு: தண்டனையும் மேல்முறையீடும்

நெய்வேலி நகரியத்துக்கு மேற்கே, விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் நடந்த சாதி ஆணவக் கொலை தொடர்பான வழக்கு. பட்டியல் சாதியைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி முருகேசனும் வன்னியர் குடும்பத்துப் பெண்ணான கண்ணகியும் 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். ஜூலை 8 அன்று கண்ணகியின் வீட்டார் இருவருக்கும் நஞ்சு புகட்டிக் கொன்று, உடல்களை எரித்தனர்.

விருத்தாசலம் காவல்துறை உடனே வழக்குப் பதியவில்லை. பதிந்தபோதும் முருகேசனின் உறவினர்களையும் எதிரிகளாகச் சேர்த்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மீதே கொலைப்பழி விழுந்த கொடுமை அது. 2004-இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐ-க்கு மாற்றியது. மதுரை வழக்கறிஞர் பொ. இரத்தினம் முருகேசன் குடும்பத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடினார்.

சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். 18 ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு. காவல்துறையினர் இருவர் உட்பட மற்ற 12 பேருக்கு ஆயுள்.

விசாரணை நீதிமன்றம் விதிக்கும் தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற இயலாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366-ஆவது பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 407-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. குற்றவாளி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் கோப்பு சென்னைக்குப் போயாக வேண்டும். அங்கே சாட்சியம் முழுவதும் மறுபடி எடைபோடப்படும்.

2022 ஜூன் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.என். பிரகாஷ், ஏ.ஏ. நக்கீரன் அமர்வு தீர்ப்பளித்தது. தூக்கு ஆயுளாகக் குறைந்தது, இருவர் விடுதலையாயினர், கொலை நடந்தபோது உதவி ஆய்வாளராக இருந்தவரின் ஆயுள் தண்டனை 2 ஆண்டுகளானது. ஏனையோரின் ஆயுள் தண்டனை நிலைத்தது. ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியே அளந்த இத்தீர்ப்பு ஒன்பது மாதங்களுக்குள் வந்தது என்பதைக் காணும்போது, கீழே கழிந்த 18 ஆண்டுகள் இன்னும் உறுத்துகின்றன.

2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சுதான்ஷு தூலியா, பிரசாந்த் குமார் மிஸ்ரா அமர்வு எஞ்சிய 11 பேரின் மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தது. முருகேசனின் தந்தைக்கும் சிற்றன்னைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது.