காடும் குன்றும் நீர்நிலையும்: சிங்கப்பூரில் ஓடுவதற்கு ஐந்து பாதைகள்

சிங்கப்பூரில் சூரியன் உதிக்க ஏறக்குறைய காலை 7 மணி ஆகிவிடும். இயற்கை வனப்பகுதிகளின் பாதைகள் பொதுமக்களுக்காகத் திறக்கப்படுவதும் அதே நேரத்தில்தான். வெயில் ஏறுவதற்கு முன் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரமே மெதுவோட்டக்காரர்களுக்குப் பொன்னான நேரம்.

வீவக புளோக்குகளைச் சுற்றியும் உடற்பயிற்சிக் கூடத்திலும் ஓடிச் சலித்தவர்களுக்கு, எம்ஆர்டி ரயிலில் சென்றுவரும் தூரத்திலேயே குன்றும் காடும் நீர்நிலையும் இருக்கின்றன. நம் சமூகத்தினர் இவற்றைப் பயன்படுத்திக்கொள்ள வலுவான காரணம் ஒன்றும் உண்டு. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி அல்லது 75 நிமிடக் கடுமையான உடற்பயிற்சி தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கீழ்க்காணும் ஐந்து பாதைகளும் எளிதிலிருந்து கடினத்தை நோக்கி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

1. பிடோக் நீர்த்தேக்கம்: புதியவர்களுக்கு

ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர். பாதை பெரும்பாலும் சமதளம். நீர்ப்பரப்பு கண்ணைவிட்டு அகலாததால் வழி தவற வாய்ப்பில்லை. ஒரு காலத்தில் மணல் தோண்டப்பட்ட இடமான இது, 1986ல் நீர்த்தேக்கமாக உருவெடுத்தது. பிடோக் ரெசர்வோர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம்.

ஓடிப் பழகாதவர்கள் முதல் நாளிலேயே முழுச் சுற்றையும் ஓட முயல வேண்டாம். இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றிச் செல்வது நல்லது. நிழல் குறைவு என்பதால் காலை நேரமே ஏற்றது.

2. பழைய ரயில் பாதை: வரலாற்றோடு ஓட

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை நீளும் ‘ரயில் காரிடார்’ 24 கிலோமீட்டர் கொண்டது. மலாயன் ரயில்வே ரயில்கள் ஓடிய தடம் இது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் புறப்பட்டது. ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ரயிலுக்காக அமைக்கப்பட்ட தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் இல்லை. மண்ணும் புல்லும் சரளையும் கலந்த தரை முழங்காலுக்கு இதமானது. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து தொடங்கினால், 1932ல் கட்டப்பட்ட புக்கிட் தீமா ரயில் நிலையத்தையும் பழைய இரும்புப் பாலத்தையும் பார்த்துக்கொண்டே ஓடலாம்.

தமிழர்களுக்கு இந்தத் தடத்தோடு தனி உறவு உண்டு. இந்த ரயில்வேயில் தமிழர் பலர் வேலை செய்தனர். குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தை ஒட்டி 1930களில் அவர்கள் வழிபட்ட சிறு கோயிலே, இன்று காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக வளர்ந்து நிற்கிறது.

3. சதர்ன் ரிட்ஜஸ்: குன்றுவிட்டுக் குன்று

மவுண்ட் ஃபேபர், தெலுக் பிளாங்கா ஹில், கென்ட் ரிட்ஜ் ஆகிய குன்றுகளைப் பாலங்களால் இணைக்கும் 10 கிலோமீட்டர் பாதை இது. ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலிருந்து மராங் பாதை வழியாகப் படியேறினால் மவுண்ட் ஃபேபரை அடையலாம். மூச்சு வாங்கவைக்கும் பகுதி இதுதான்.

அடுத்து வருவது ‘ஹெண்டர்சன் வேவ்ஸ்’. அலைபோல் வளைந்த இந்த 274 மீட்டர் நீளப் பாலம் சாலைக்கு மேல் 36 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மரப்பலகைத் தளம் மழையில் வழுக்கும். வார இறுதி மாலைகளில் கூட்டம் அதிகம். அதைத் தாண்டியதும் மர உச்சிகளுக்கு இடையே 1.3 கிலோமீட்டர் உலோக நடைபாதை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படையை மலாய் ரெஜிமெண்ட் வீரர்கள் எதிர்த்து நின்ற இடம் கென்ட் ரிட்ஜ்.

4. மெக்ரிட்சி: காட்டு ஓட்டத்தின் தாயகம்

சிங்கப்பூரின் ஆகப் பழைய நீர்த்தேக்கம் இது. நகருக்கு நல்ல தண்ணீர் கிடைக்க 1857ல் வணிகர் டான் கிம் செங் 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். நீர்த்தேக்கம் 1868ல் கட்டி முடிக்கப்பட்டது. மிளகு, கேம்பியர் தோட்டங்களுக்காகத் தீவின் காடுகள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பாதுகாக்கப்பட்டதால்தான் இங்கு காடு மிஞ்சியது. ஓடுபவர்களுக்கு இன்று நிழல் தருவது அந்தக் காடுதான்.

முழுச் சுற்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர். மரவேர்களும் கற்களும் நிறைந்த மண்பாதை என்பதால், சாலையில் ஓடுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். புதியவர்கள் கரையோரப் பலகைப் பாதையில் சிறிது தூரம் சென்று திரும்பலாம். 250 மீட்டர் நீளத் தொங்குபாலத்துக்குச் செல்ல விரும்புவோர் முன்கூட்டியே தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தைப் பார்ப்பது நல்லது. குறுகலான அந்த ஒருவழிப் பாலத்தை நடந்தே கடக்கவேண்டும்.

5. புக்கிட் தீமா: ஏற்றப் பயிற்சிக்கு

உயரம் 163 மீட்டர்தான். ஆயினும் சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்று இதுவே. உச்சிவரை தார்ச்சாலை இருந்தாலும் தொடக்கமே செங்குத்து. நெடுந்தொலைவோட்டத்துக்குத் தயாராகும் பலர் இங்கு ஏறி இறங்கிப் பயிற்சி எடுக்கின்றனர். இறங்கும்போது வேகத்தைக் குறைத்து, சிறு எட்டுகளாக வைப்பது முழங்காலைக் காக்கும். பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி நிலையம் அருகில் உள்ளது.

காட்டில் கவனம்

குரங்குகள்: நெகிழிப் பை கையில் இருந்தால் அதில் உணவு இருப்பதாகக் குரங்குகள் நினைக்கும். உணவைப் பைக்குள் மறைத்து வைக்கவேண்டும். குரங்கு எதிரே வந்தால் ஓடாமல், அதன் கண்ணைப் பார்க்காமல் மெதுவாக விலகிச் செல்லவேண்டும். காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம்.

இடி மின்னல்: பிற்பகலில் இடியுடன் கூடிய மழை திடீரென வரும். இடி கேட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கூரையுள்ள கட்டடத்துக்குள் செல்லவேண்டும், மரத்தடியில் ஒதுங்கக்கூடாது.

வெப்பம்: காட்டில் வெயில் குறைவு என்றாலும் புழுக்கம் அதிகம்; வியர்வை எளிதில் உலராது. தண்ணீரைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். தலைசுற்றல், குமட்டல், குளிர் நடுக்கம் ஆகியவை ஏற்பட்டால் உடனே நிற்கவேண்டும். ஒருவருக்குப் பேச்சு குழறினாலோ அவர் மயங்கினாலோ 995ஐ அழைத்து, உதவி வரும்வரை உடலைத் தண்ணீரால் குளிர்விக்கவேண்டும்.

நீரிழிவு: இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை அளவு சட்டெனக் குறையக்கூடும். மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குவதும், இனிப்பு மிட்டாய் சிலவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும் அவசியம். வீடு திரும்பியதும் பாதங்களில் கொப்புளமோ காயமோ உள்ளதா என்று பார்க்கவேண்டும். உணர்வு குறைந்த பாதத்தில் சிறு புண்கூட வலியின்றியே பெரிதாகிவிடும்.

தனியாகச் செல்வோர், எந்தப் பாதையில் ஓடுகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவது நல்லது. வனப்பகுதிப் பாதைகள் மாலை 7 மணிக்கு மூடப்படும். அடர்ந்த மரங்களுக்கு அடியில் அதற்கு முன்பே இருட்டிவிடும்.