குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி: மருத்துவரின் தேர்ச்சி எவ்வாறு அளவிடப்படுகிறது?

நாணயத்தை விழுங்கிய மூன்று வயதுக் குழந்தை, மலத்துடன் ரத்தம் வெளியேறும் பள்ளிச் சிறுவன், திடீரென ரத்த வாந்தி எடுக்கும் சிறுமி ஆகியோருக்கு நோயைக் கண்டறியவும் சிகிச்சை அளிக்கவும் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி தேவைப்படுகிறது. கேமரா பொருத்திய வளையும் குழாயை வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ செலுத்திச் செய்யப்படும் இச்சிகிச்சை, குழந்தைகளைப் பொருத்தவரை தனிப் பயிற்சி தேவைப்படும் துறையாகும்.

இதைச் செய்யும் மருத்துவர்களுக்கான தகுதி வரையறைகள் கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளன. எத்தனை பரிசோதனைகள் செய்தார் என்ற கணக்கைவிட, அவற்றை எவ்வளவு பாதுகாப்பாகவும் முழுமையாகவும் செய்தார் என்பதே இப்போது தேர்ச்சியின் அளவுகோலாகக் கருதப்படுகிறது.

தனிப் பயிற்சி எதற்கு?

குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது, எளிதில் அழுந்தக்கூடியது. உணவுக்குழாயில் தடிமனான கருவி நுழையும்போது, அதையொட்டியுள்ள மூச்சுக்குழாய் நெருக்கப்பட்டு சுவாசம் தடைபடலாம். ஆகவே, 10 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைகளுக்கு 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த விட்டமுள்ள கருவியைப் பயன்படுத்துமாறு ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2017-இல் வெளியிட்ட கூட்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. பெரியோருக்கான வழக்கமான கருவி ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

பெரியவர்களில் பலர் தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்துடனேயே இப்பரிசோதனைக்கு ஒத்துழைப்பர். குழந்தைகளுக்குப் பொதுவாக ஆழ்ந்த மயக்கமோ முழு மயக்கமோ தேவைப்படும். குடல் சுவரும் மெல்லியது என்பதால், காற்றைச் செலுத்துவதிலும் திசு மாதிரி எடுப்பதிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

நோய்களும் வேறுபடுகின்றன. இந்தியக் குழந்தைகளிடம் கடும் ரத்த வாந்திக்கு முக்கியக் காரணமாக இருப்பது, கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையில் ஏற்படும் அடைப்பாகும். இதனால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்து வெடிக்கின்றன. வட மாநிலங்களில் கோதுமைப் புரதத்தால் தூண்டப்படும் சீலியாக் நோய் அதிகம் காணப்படுகிறது. இதை உறுதிப்படுத்த முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் ஒன்றும், அதற்கு அப்பால் நான்குமாகக் குறைந்தது ஐந்து திசு மாதிரிகள் எடுக்க வேண்டும். இடம் தவறினாலோ எண்ணிக்கை குறைந்தாலோ நோய் கண்டறியப்படாமல் போகலாம்.

எண்ணிக்கை ஒரு தொடக்கமே

வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை குடல், கல்லீரல், ஊட்டச்சத்து மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட பயிற்சி வழிகாட்டுதல்படி, பயிற்சிக் காலத்தில் ஒரு மருத்துவர் குறைந்தது 100 மேல் இரைப்பை எண்டோஸ்கோப்பிகளையும் 120 பெருங்குடல் பரிசோதனைகளையும் செய்திருக்க வேண்டும். விழுங்கிய பொருளை அகற்றுதல், பாலிப் கட்டியை நீக்குதல் ஆகியவற்றில் தலா 10 சிகிச்சைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

எனினும், ஒருவர் 60 பரிசோதனைகளில் கற்றுக்கொள்வதை மற்றொருவர் 150-இல் கற்கலாம். எனவே, இந்த எண்ணிக்கையை எட்டியவரின் திறனை மதிப்பிடத் தொடங்கலாம் என்றே பொருள். அவர் தேர்ச்சி பெற்றுவிட்டார் என்று பொருளல்ல.

தரத்தை அளக்கும் முறை

மதிப்பீட்டில் மூத்த மருத்துவர் உடனிருந்து ஒவ்வொரு படியையும் கவனித்து மதிப்பெண் வழங்குவார். கருவியைக் கையாளும் திறன் மட்டுமன்றி, பரிசோதனை உண்மையில் தேவைதானா என முடிவெடுத்தல், பெற்றோருக்கு விளக்குதல், குழுவினருடன் ஒருங்கிணைதல், சிக்கல் நேர்ந்தால் சமாளித்தல் ஆகியவையும் அளக்கப்படும். குழந்தைகளின் பெருங்குடல் பரிசோதனைக்கென இத்தகைய மதிப்பீட்டுப் படிவம் தனியே உருவாக்கப்பட்டுள்ளது.

வட அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர்கள் இணைந்து 'பென்குவின்' என்ற பெயரில் 2022-இல் வெளியிட்ட தர வரையறைகள், பயிற்சி முடித்தவர்களும் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும் என்கின்றன. பெருங்குடல் பரிசோதனைகளில் குறைந்தது 90 சதவீதத்தில் பெருங்குடலின் தொடக்கப் பகுதியையும், 85 சதவீதத்தில் சிறுகுடலின் கடைப்பகுதியையும் கருவி எட்டியிருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. குரோன் நோயும் குடல் காசநோயும் பெரும்பாலும் இப்பகுதியையே தாக்குவதால், இந்தியாவுக்கு இந்த அளவுகோல் மிகவும் பொருத்தமானது.

இந்தியாவில் பயிற்சி

எம்டி குழந்தை மருத்துவம் முடித்தவர்கள் நீட் எஸ்எஸ் தேர்வு வாயிலாக மூன்றாண்டு உயர் சிறப்புப் படிப்பில் சேரலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் கீழ் டிஎம் பட்டமும், தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியத்தின் கீழ் டிஆர்என்பி பட்டமும் வழங்கப்படுகின்றன. லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனமும், சண்டீகர் முதுநிலை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் இத்துறையின் முக்கிய மையங்களாகும்.

பிரிட்டனில் ஒவ்வொரு வகை எண்டோஸ்கோப்பிக்கும் தனித்தனியே தேர்ச்சிச் சான்று வழங்கும் முறை நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் பட்டமே அடிப்படைத் தகுதியாகக் கொள்ளப்படுகிறது. ஒருவர் எத்தனை பரிசோதனைகளை எவ்வளவு வெற்றியுடன் செய்தார் என்ற விவரம் பெரும்பாலும் அவரது பயிற்சிப் பதிவேட்டுடன் நின்றுவிடுகிறது.

அவசர நேரத்தில் என்ன செய்வது?

இத்துறை நிபுணர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளனர். ஆனால் உணவுக்குழாயில் சிக்கிய பொத்தான் பேட்டரியை இரண்டு மணி நேரத்துக்குள் அகற்றுவது அவசியம். அது வெளிப்படுத்தும் மின்னோட்டத்தால் உருவாகும் காரம், உணவுக்குழாய் சுவரை விரைவாக அரித்துவிடும். அத்தகைய நிலையில் தொலைதூர நிபுணரைத் தேடிச் செல்வதைவிட, குழந்தை மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் உடனிருக்க, அருகிலுள்ள பெரியோருக்கான இரைப்பை குடல் மருத்துவரே அகற்றுவது பாதுகாப்பானதாக இருக்கலாம். மாறாக, நாள்பட்ட வயிற்றுவலி, வளர்ச்சிக் குறைவு போன்றவற்றுக்குத் திட்டமிட்டுச் செய்யும் பரிசோதனைக்கு உரிய பயிற்சி பெற்றவரை நாடக் கால அவகாசம் உண்டு.

பெற்றோர் கேட்க வேண்டியவை

* இப்பரிசோதனை ஏன் தேவை? வேறு வழி உண்டா?
* மருத்துவர் குழந்தைகளுக்கான எண்டோஸ்கோப்பியில் பயிற்சி பெற்றவரா? இதே வயதுக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து செய்து வருகிறாரா?
* குழந்தையின் எடைக்கேற்ற கருவி மருத்துவமனையில் உள்ளதா?
* மயக்க மருந்தை அளித்துக் கண்காணிக்கத் தனியே ஒரு நிபுணர் இருப்பாரா?
* சிக்கல் நேர்ந்தால் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் அறுவை சிகிச்சை வசதியும் அங்கேயே உள்ளனவா?

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இவற்றுக்கு விடை பெறுவது பெற்றோரின் உரிமை.