நெல் நிற்கும்போதே உளுந்து

அமெரிக்காவில் மக்காச்சோளம் வளர்ந்து நிற்கும்போதே அதன் வரிசைகளுக்கு நடுவில் மண்ணைக் காக்கும் பயிர்களை விதைக்கிறார்கள் என்று படித்தேன். நமக்கு இது புதிதா என்ன? தை மாதத்தில் "உளுந்து தெளிச்சாச்சா?" என்று கேட்காத ஆள் தஞ்சைப் பக்கம் உண்டா!

சம்பாவோ தாளடியோ முற்றியதும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். சேறு மெழுகுப் பதத்துக்கு வந்ததும், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், கதிர்களுக்கு நடுவே ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ உளுந்தோ பயறோ கையால் தெளிப்பார்கள். உழவு கிடையாது, பாய்ச்சலும் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் தைப் பனியுமே அதற்குப் போதும். அறுப்பு ஆட்கள் இறங்கும்போது இரண்டிலை விட்டிருக்கும். வெறுங்கால் மிதித்தாலும் நிமிர்ந்துவிடும். கட்டுகளை மட்டும் அன்றைக்கே கரையேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் உள்ளது வெளுத்துப்போகும்.

மேட்டூர் அணை 1934-இல் வந்தபின் ஜூன் 12-இல் திறப்பு, ஜனவரி 28-இல் மூடல் என்று ஒரு கணக்கு ஏற்பட்டது. அணை மூடும் நேரத்தில் தெளித்து, தண்ணீரே கேட்காமல் விளையும் பயிர் அந்தக் கணக்குக்குள் அப்படியே பொருந்தியது. 1981-இல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தரிசு நிலத்துக்கென்றே 'ஆடுதுறை 3' உளுந்தை வெளியிட்டது. எழுபது, எழுபத்தைந்து நாளில் காய் பறித்துவிடலாம். பூக்கும்போது டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது ஒன்றுதான் செலவு என்று சொல்லும்படியான செலவு.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் அறுந்துவிடும். அணை தாமதமாகத் திறந்தால் நடவு பிந்தும், அறுப்பு பிந்தும். மாசி கடைசியில் தெளித்த உளுந்து வெயிலில் பூ உதிர்த்து நிற்கும்.

அடுத்து வந்தது அறுவடை இயந்திரம். ஆள் கிடைக்காத காலத்தில் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதன் சக்கரம் வெறுங்கால் இல்லையே! போன தடமெல்லாம் முளை சேற்றோடு புதைந்துபோகும். பின்னால் கொட்டும் வைக்கோல் மிச்சத்தை மூடிவிடும். அதற்காக நான்கைந்து நாள் முன்பு மட்டும் தெளித்துப் பார்க்கிறார்கள். அறுத்தபின் தெளிப்பவர்களும் உண்டு, அதற்குள் மேல்மண் காய்ந்துவிடுகிறது.

போனது உளுந்து மட்டுமில்லை. காய் பறிக்க வரும் பெண்களுக்கு அதிலேயே ஒரு பங்கு கூலி. பங்குனி, சித்திரையில் வேறு வேலை இல்லாத வீடுகளுக்கு அந்த ஒரு முறம் உளுந்துதான் கையிருப்பு. கொடி மாட்டுக்கு, உதிர்ந்த இலையும் வேரும் மண்ணுக்கு. இப்போது எங்கள் ஊரில் அறுத்த வயல்கள் பல ஆடி வரைக்கும் வெடித்துக் கிடக்கின்றன. இட்லிக்கு உளுந்தை நாங்களும் கடையில்தான் வாங்குகிறோம்.