போலேரியோவின் தாக்குதலும் தடுப்பும்

பள்ளி மாணவர் சதுரங்கப் போட்டிகளில், அதிலும் கீழ்வகுப்புச் சிறார் மோதும் சுற்றுகளில், அடிக்கடி காணப்படும் தொடக்கங்களுள், அதாவது ஆட்டத்தின் முதற்சில நகர்த்தல்களுக்குரிய வரிசைகளுள், இரு குதிரைத் தடுப்பாட்டமும் ஒன்று. இதில் நான்காம் நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்குப் பாய்ந்து, ராஜாவைத் தவிர வேறு காவலற்ற எஃப்7 சிப்பாயை மந்திரியோடு சேர்ந்து குறிவைக்கிறது. கறுப்பு டி5இல் சிப்பாயை நிறுத்தி மந்திரியின் வழியை மறிக்க, வெள்ளை அதனை வெட்டுகிறது; உடனே குதிரையால் திருப்பி வெட்டுவதே எந்தச் சிறுவருக்கும் முதலில் தோன்றும். அப்போது வெள்ளை தன் குதிரையை எஃப்7இல் பலியிடுகிறது. ராணியையும் யானையையும் அது ஒருசேரத் தாக்குவதால் ராஜாவே அதனை வெட்ட வேண்டியதாகிறது; அடுத்து வெள்ளை ராணி எஃப்3இலிருந்து செக் வைக்க, டி5 குதிரையைக் காக்கும் பொருட்டுக் கறுப்பு ராஜா பலகையின் நடுப்பகுதியான இ6 வரை வந்து, எதிரிக் காய்களின் முன் திறந்த வெளியில் நிற்கிறது.

ஆங்கிலத்தில் ஃப்ரைட் லிவர் என்றும் இத்தாலியில் ஃபெகடெல்லோ என்றும் வழங்கும் இத்தாக்குதலின் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று, லான்சியானோவைச் சேர்ந்த ஜூலியோ சேசரே போலேரியோ ரோம் நகரில் டொமெனிகோ என்பவரை வென்ற ஆட்டமாகும். அது சுமார் 1610ஆம் ஆண்டினதாகக் கருதப்படுகிறது. சோரா கோமகனின் ஆதரவில் வாழ்ந்த போலேரியோ, தம் காலத்து ஆட்டங்களையும் தொடக்கங்களையும் கையெழுத்துச் சுவடிகளில் தொகுத்துவைத்தவர். இன்றைய மாணவருக்கு அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அந்த ஒரு வெற்றியன்று, இத்தொகுப்புப் பணியே எனலாம்.

ஐந்தாம் நகர்த்தலில் சிப்பாயைத் திருப்பி வெட்டாது, மற்றொரு குதிரையை ஏ5க்கு நகர்த்தி மந்திரியைத் தாக்கி, ஒரு சிப்பாயின் இழப்பை ஏற்றுக் காய்களை விரைந்து களமிறக்கும் முறையும் போலேரியோ தடுப்பு என்றே பெயர்பெற்றுள்ளது. குதிரையின் ஜி5 பாய்ச்சலைக் கற்றுக்குட்டியின் நகர்த்தல் என ஜெர்மானிய மேதை டாராஷ் இகழ்ந்தார். ஆயினும் 1963இல் பாபி ஃபிஷர் அதனை பிஸ்கயர் என்ற வீரருக்கு எதிராக ஆடி வென்றார். ஆகவே குறை வெள்ளையின் நான்காம் நகர்த்தலில் இல்லை, ஐந்தாம் நகர்த்தலில் கறுப்பு குதிரையால் திருப்பி வெட்டுவதிலேயே உள்ளது. சிறாருக்குத் தாக்குதலை மட்டும் பழக்கிப் போட்டிக்கு அனுப்பும் பயிற்றுநர்கள், போலேரியோவின் பெயர் தாங்கிய தடுப்பையும் அதே வகுப்பில் கற்பிக்க வேண்டும்.