மின்சாரத்தை அளந்த கணக்கு

மாலை மயங்கியதும் சுவரிலுள்ள ஆளியை அழுத்துகிறோம். வீடு ஒளி பெறுகிறது. அரிக்கன் விளக்கின் திரியைக் கத்தரித்து, சிமினியைத் துடைத்துப் படித்த காலத்தை நம் ஊர்ப் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கம்பியினூடே வருவது எவ்வளவு, அது செய்யும் வேலை எவ்வளவு என்று கேட்டால் நம்மிற் பலர் விழிக்கிறோம். இந்தக் கேள்விக்கு விடை காண மனிதகுலம் பட்ட பாட்டைச் சிறிது நோக்குவோம்.

இங்கிலாந்திலே ஹென்றி கவெண்டிஷ் என்றொரு விஞ்ஞானி வாழ்ந்தார். அவர் காலத்தில் மின்னோட்டத்தை அளக்கும் கருவி இல்லை. தம் உடலையே கருவியாக்கி, மின்சாரம் தாக்கும் அதிர்ச்சியின் வலிமையைக் கொண்டு வெவ்வேறு பொருள்களின் தடையை ஒப்பிட்டார். 1781ஆம் ஆண்டளவிலேயே உண்மையை நெருங்கிவிட்டார். ஆயினும் கண்டதை அவர் வெளியிடவில்லை. அக்குறிப்புகளை மக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் 1879இல் பதிப்பித்தபோதுதான் உலகம் அறிந்தது. பெட்டிக்குள் பூட்டிய அறிவு ஒரு நூற்றாண்டு காலம் ஒருவருக்கும் உதவவில்லை!

இடைப்பட்ட காலத்தில் அதே உண்மையைத் தாமாகவே கண்டவர் யேர்மனி தேசத்தவரான ஜோர்ஜ் சைமன் ஓம். 1789இல் பிறந்த அவர், கொலோன் நகரிலே பாடசாலை ஆசிரியராக இருந்தார். அக்கால மின்கலங்களின் வலிமை நிலையாக நிற்பதில்லை. ஆகவே அவர் வேறு உபாயம் தேடினார். இருவேறு உலோகங்களை இணைத்து, ஒரு மூட்டைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான மின்னோட்டத்தைப் பெற்றார். பல நீளமுள்ள செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி அளந்தார். 1827இல் தம் முடிபை நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் அதற்கு வரவேற்பு இல்லை. அவர் ஆசிரியப் பதவியையும் துறந்தார். 1841இல் இலண்டன் றோயல் சங்கம் கொப்லி பதக்கம் அளித்த பின்னரே அவர் பெருமை பரவியது.

அவர் கண்ட விதிதான் என்ன? வயலுக்கு நீர் பாய்ச்சும் நமக்கு அது எளிதில் விளங்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வேறுபாடு நீரைத் தள்ளுகிறது. வாய்க்காலிற் புல்லும் சேறும் அதைத் தடுக்கின்றன. மின்சாரத்தைத் தள்ளுவது வோல்ற்று, ஓடுவது அம்பியர், தடுப்பது ஓம். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினால் மின்வலு, அதாவது வாற்று, கிடைக்கும்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று. ஓர் இஸ்திரிப்பெட்டி 5 அம்பியர் இழுத்தால் அதன் தடை 46 ஓம். வலு 1,150 வாற்று. 10 அம்பியர் இழுக்கும் கேத்தலின் தடை 23 ஓம். வலு 2,300 வாற்று. தடை பாதியானால் வலு இரட்டிக்கிறது. ஆயிரம் வாற்று ஒரு மணிநேரம் செலவானால் அதுவே பட்டியலிற் காணும் ஓர் அலகு. ஆகவே அந்தக் கேத்தலை ஆறு நிமிடம் கொதிக்கவிட்டால் ஓர் அலகில் ஏறக்குறையக் காற்பங்கு போய்விடும்.

இந்தச் சிறு கணக்கே ஒரு நாட்டின் பெருங்கணக்கும் ஆகும். எந்திரவியலாளர் விமலசுரேந்திர 1918இல், மலைநாட்டு அருவிகளின் வீழ்ச்சியையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டு, இலங்கை முழுவதற்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார். தொடங்கிய வேலையும் பணமின்றி இடைநின்றது. 1950இலேதான் இலக்சபான நிலையம் இயங்கியது. மூன்றாண்டின்பின் அவர் மறைந்தார். நம் மாவட்டத்திலே கல்லோயாவை மறித்து எழுந்த இங்கினியாகலை அணைக்கட்டும், வயலுக்கு நீர் விடுவதோடு மின்சாரமும் தருகிறது.

மலையிற் பிறந்த மின்சாரம் கடற்கரைக்கு வருவது எங்ஙனம்? கம்பி வெப்பமாகி இழக்கும் வலு, அம்பியரை அம்பியராற் பெருக்கி, மீண்டும் தடையாற் பெருக்கிய அளவாகும். இதை ஜூல் என்பவர் 1840ஆம் ஆண்டளவிற் கண்டார். ஒரு இலட்சம் வாற்றை 230 வோல்ற்றில் அனுப்ப 435 அம்பியர் வேண்டும். கம்பியின் தடை ஒரே ஓம் என்றாலும், இழப்பு 1,89,000 வாற்றுக்கு மேலாகிறது! அனுப்புவதிலும் இழப்பு மிகுவதால் அது நடவாத காரியம். 11,000 வோல்ற்றில் அனுப்பினாலோ சுமார் 9 அம்பியர் போதும். இழப்பு 83 வாற்று மட்டுமே. உயர்ந்த கோபுரங்களில் உயர் அழுத்தக் கம்பிகள் செல்வதன் காரணம் இதுவே.

இளைஞர்களே, இது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமன்று. விழாப் பந்தலிலே ஒரு மெல்லிய வயரில் பல விளக்குகளையும் ஒலிபெருக்கியையும் மாட்டுகிறோம். மின்னோட்டம் இருமடங்கானால் வயரின் சூடு நான்கு மடங்காகும். உருகி அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவோரும் உண்டு. உருகி தான் அழிந்து வீட்டைக் காக்கும் காவலாளி. காவலாளியின் கையைக் கட்டிவிட்டால் தீ கூரைக்கு ஏறும். ஆதலால் மாட்டுமுன் ஒவ்வொன்றின் வாற்றையும் கூட்டி, 230ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் அம்பியரை அந்த வயர் தாங்குமா என்று தெரிந்தவரைக் கேளுங்கள். ஈரக் கையால் எதையும் தொடாதீர்கள். நனைந்த தோலின் தடை மிகக் குறைவு.

கவெண்டிஷ் கண்டதை மறைத்தார். ஓம் கண்டதை எழுதினார். ஆதலால் உலகம் தடையின் அலகுக்கு ஓம் என்றே பெயரிட்டது. அறிந்ததை அயலாருக்கும் சொல்வோம். ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருப்பின், நம் ஊர் விளக்குகள் அச்சமின்றி எரியும்.