அடையாற்றங்கரையில் எழுந்த கோட்டூர்புரம்

அரபு மொழியில் அய்ன், மீம், ரா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல. மனிதனின் ஆயுளைக் குறிக்கும் 'உம்ர்' என்னும் சொல்லும், கட்டடத்தைக் குறிக்கும் 'இமாரத்' என்னும் சொல்லும், மக்கள் கூடி வாழும் வாழ்வைக் குறிக்கும் 'உம்ரான்' என்னும் சொல்லும் ஒரு தாய் மக்களே. தூனிஸ் நகரில் 1332இல் பிறந்து கெய்ரோவில் 1406இல் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்), 1377இல் எழுதி முடித்த 'முகத்திமா'வில் இந்த உம்ரானையே தம் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டார். ஊர் அமைப்போர் தண்ணீரையும் காற்றையும் விளைநிலத்தையும் விறகையும் பார்த்தே இடம் தேர வேண்டும் என்று விளக்கிய அவர், கூஃபாவையும் பஸராவையும் கைரவானையும் அமைத்த நம் முன்னோர், ஒட்டகத்துக்கு மேய்ச்சல் இருக்கிறதா என்று மட்டுமே பார்த்துவிட்டார்கள் எனக் குறை கூறவும் தயங்கவில்லை. தம் சமுதாயத்தின் பெருமைமிகு நகரங்களையே தராசில் நிறுத்திய நெஞ்சுரம் அது.

அந்தத் தராசை நாம் சென்னையின் தென்பகுதியிலுள்ள கோட்டூர்புரத்தின் முன் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். காரணம் உண்டு. ஊர்விட்டு வந்து சென்னையில் வாணிபம் செய்யும் நம் குடும்பங்களில் பல, இன்று அடையாற்றின் இரு கரைகளிலும் அடுக்ககங்களில் வீடு வாங்குகின்றன. வாங்கும் வீட்டின் பத்திரத்தை மட்டும் படித்தால் போதாது. வாங்கும் மண்ணின் வரலாற்றையும் படிக்க வேண்டும்.

கோட்டூர் பழைய சிற்றூர். வடக்கே அடையாறு, மேற்கே கிண்டிக் காடு. அடையாறு செம்பரம்பாக்கத்தை அடுத்த ஏரிகளில் உருவாகி, நாற்பது கிலோமீட்டர் அளவே ஓடிக் கடலை அடையும் சிறிய ஆறு. ஆண்டின் பெரும்பகுதி சோம்பிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விழித்துக்கொள்ளும். இந்தச் சிற்றாற்றின் கரையில்தான் 1746இல் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனின் மகன் மஹ்ஃபூஸ் கான், ஏறத்தாழ பத்தாயிரம் படையினருடன் வடகரையைக் காத்து நின்றார். புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுத் தளபதி பாரடி, ஆயிரத்துக்கும் குறைந்த வீரர்களோடு ஆற்றில் இறங்கி நடந்தே கடந்து, நவாபின் படையைச் சிதறடித்தார். ஐரோப்பியப் பயிற்சியும் துப்பாக்கி வரிசையும் இந்தியப் பெரும்படையை வெல்லும் என்று உலகம் அறிந்த நாள் அது. பாரடி தொழிலால் பொறியாளர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஆற்றின் ஆழத்தை அறிந்தவனே வென்றான்.

படைகள் நடந்து கடந்த ஆற்றை மக்கள் கடக்கப் பாலம் வேண்டுமே! அதைக் கட்டியவர் அரசர் அல்லர். ஆர்மீனிய வணிகர் ஒருவர். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் அப்பெருந்தகை, சைதாப்பேட்டையருகே 1726இல் தம் சொந்தப் பொருளால் பாலம் எழுப்பியதோடு, அதைப் பேணிவரத் தனி நிதியும் ஒதுக்கி வைத்தார். மாம்பலம் என்னும் பெயர் ஐரோப்பியர் நாவில் திரிந்து 'மர்மலாங் பாலம்' என வழங்கலாயிற்று. பாலத்தின் கல்வெட்டு மூன்று மொழிகளில் அமைந்தது: ஆர்மீனியம், இலத்தீன், பாரசீகம். அக்காலத்தில் ஆட்சிமொழியாகவும் நாகரிக மொழியாகவும் பாரசீகம் பெற்றிருந்த இடத்துக்கு அந்தக் கல்லே சான்று. கட்டுவதோடு நில்லாமல் பராமரிப்புக்கும் பொருள் ஒதுக்கிய முறை, நம் முன்னோர் வக்ஃபு என்று போற்றிய முறைக்கு எத்துணை நெருக்கமானது! பழைய பாலத்தின் இடத்தில் 1966இல் எழுந்ததே இன்றைய மறைமலையடிகள் பாலம். கீழ்த்திசையில், கடலோரமாக, 1840இல் எல்பின்ஸ்டன் பாலம் வந்தது. அதற்குத் துணையாக 1973இல் திரு.வி.க. பாலம் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையே கிடந்த கோட்டூர் மக்கள் ஆற்றின் எதிர்க்கரைக்குச் செல்லச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. நந்தனத்தையும் கோட்டூர்புரத்தையும் நேரே இணைக்கும் பாலம் பின்னாளில்தான் அமைந்தது. அதன்பின் இவ்வூர் மனைகளின் மதிப்பு ஏறிய கதையை விளக்கத் தேவையில்லை.

இனி, எதிர்க்கரையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை ஒரு நெடிய ஏரி நீண்டு கிடந்தது. 1920களில் நகரத்துக்கு மனைகள் வேண்டும் என்று அந்த ஏரியை வடித்து மாம்பலம் பகுதியைப் புதுநகராக்கினர். அதுவே தியாகராய நகர். விடுதலைக்குப் பின் நகர மேம்பாட்டு அறக்கட்டளையும், 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வீட்டுவசதி வாரியமும் தெற்கு நோக்கி நகர்ந்தன. மழைநீரைத் தாங்கி வைத்திருந்த ஏரி வீடாகிவிட்டதால், நீர் நேரே ஆற்றைத் தேடிற்று. ஆற்றின் கரையோ வீடாகிக் கொண்டிருந்தது.

கோட்டூர்புரத்தின் வளர்ச்சி அரசு ஊன்றிய வித்து. ஒரு புறம் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியைப் பெற்று 1959இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது. மறுபுறம் கிண்டிப் பொறியியற் கல்லூரி இருந்த வளாகம் 1978இல் அண்ணா பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1988இல் பிர்லா கோளரங்கம் திறக்கப்பட்டது. கல்வி நிலையங்கள் சூழ்ந்த இடத்தில் வீட்டுவசதி வாரியம் நடுத்தர வருவாயினருக்கு மனைகளும் வீடுகளும் ஒதுக்கிற்று. 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் ஆற்றோரக் குடிசைகளின் இடத்தில் மாடிக் குடியிருப்புகளை எழுப்பிற்று. அந்நாளையக் கொள்கையில் ஓர் அழகு இருந்தது. குடிசையில் இருந்தவனை அவன் இருந்த இடத்திலேயே, அவன் தொழிலுக்கு அருகிலேயே, கல் வீட்டில் ஏற்றினர்.

ஸீன், காஃப், நூன் என்னும் மற்றோர் அரபு வேர் இங்கே நினைவுக்கு வருகிறது. 'மஸ்கன்' என்றால் குடியிருக்கும் இடம். 'ஸகீனத்' என்றால் உள்ளத்தின் அமைதி. நம் வீட்டு வாசலில் நாம் நாள்தோறும் சொல்லும் 'மிஸ்கீன்' என்னும் சொல்லும் அவ்வேரில் பிறந்ததே. அசைவற்று நிலைத்திருத்தல் என்பது வேரின் பொருள். வீடு மனிதனை நிலைநிறுத்துகிறது. வறுமையோ அவனை அசைய முடியாமல் செய்துவிடுகிறது என்று மொழி நூலார் விளக்குவர்.

ஆனால் ஆறு அசையாமல் இருக்கவில்லை. 1976 நவம்பரில் அடையாறு கரைபுரண்டு, கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்குள் முதல் மாடி அளவுக்குப் புகுந்தது. 1985இல் மீண்டும் கரையோரம் மூழ்கிற்று. அன்று குடியேறி இன்னும் இருக்கும் பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும். பின்னர் மனை வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை; அவர்களும் கேட்கவில்லை. மனைத் தரகர் தண்ணீர் வருமா என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைப் பற்றித்தான் விடை சொல்வார்.

2000த்தில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும் தென்சென்னையின் பொருளாதாரமே திசை மாறிற்று. 2004இல் மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரை நீண்ட பறக்கும் ரயில் கோட்டூர்புரத்தில் ஒரு நிலையத்தைத் தந்தது. 2010 செப்டம்பர் 15ஆம் நாள் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. எட்டு ஏக்கர் நிலத்தில் ஒன்பது தளங்கள். 12 லட்சம் நூல்களை வைக்க இடம். செலவு ஏறத்தாழ 172 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியதும் நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. உயர்நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நிலைத்தது. இன்று அங்கே காலை முதல் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் கூட்டத்தைக் காணலாம். அவர்களை நம்பி உணவகங்களும் தேநீர்க் கடைகளும் தங்கும் விடுதிகளும் சுற்று வட்டாரத்தில் பிழைக்கின்றன. பக்தாதிலும் காகிதம் விற்போர், நூல் படியெடுப்போர் கடைகள் நிறைந்திருந்த காலத்தை வரலாறு படித்தோர் எண்ணிப் பார்ப்பர்.

வாரியம் ஒதுக்கிய தனி வீடுகளுக்கு இப்போது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. வீட்டை எழுப்பியவர் மறைந்தார். பிள்ளைகள் பல ஊரில். நிலத்தைக் கட்டுநரிடம் ஒப்படைத்து, எழும்பும் கட்டடத்தில் ஒரு பாதியைப் பெறும் கூட்டு ஒப்பந்த முறை தெருத்தெருவாக நடந்தேறுகிறது. 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், நிலப்பரப்பில் ஒன்றரை மடங்காக இருந்த தளப்பரப்பு அளவை இரண்டு மடங்காக உயர்த்தியதும் இதற்கு விசை கூட்டிற்று.

இதில் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனை. மறைந்தவர் மனைவியையும் இரு மகன்களையும் இரு மகள்களையும் விட்டுச் சென்றார் எனக் கொள்வோம். கடனும் வசிய்யத்தும் தீர்ந்தபின், ஃபராயிள் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று; எஞ்சியதில் மகளுக்கு ஒரு பங்கு, மகனுக்கு இரு பங்கு. சொத்தை 48 கூறாக்கினால் மனைவிக்கு 6, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. பழைய வீட்டை 48 கூறாக்க எந்தக் கொத்தனாராலும் முடியாது. இரு மடங்கு கட்டினால் 9,600 சதுர அடி. கட்டுநருக்குப் பாதி போக 4,800. ஒரு கூறுக்கு நூறு சதுர அடி! தாய்க்கு 600, மகனுக்கு 1,400, மகளுக்கு 700. பொது வழிக்கும் மாடிப்படிக்கும் சிறிது கழியும், அவ்வளவே. இவ்வளவு எளிதாகிவிட்ட பின்னரும், கையில் சிறு தொகையைத் திணித்துச் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வழக்கம் நம்மவரிடையே ஒழியவில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் பெண்ணுக்குப் பங்கு வகுத்த மார்க்கம் என்று மேடையில் முழங்குகிறோம். தமிழக அரசு 1989இல் இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்த பின், அண்டை வீட்டுச் சகோதரி தன் பங்கைப் பெறுகிறாள். நம் சகோதரி பத்திரத்தில் ஒப்பமிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாள். மேடையிலிருந்து இறங்கிப் பதிவு அலுவலகம் வரை நடந்து பார்ப்பது நலம்.

2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. தாம்பரத்தில் அன்று கொட்டிய மழையும் ஆற்றிலேயே சேர்ந்தது. விடியுமுன் கோட்டூர்புரம் நீரில் நின்றது. வாரியக் குடியிருப்பு, செல்வர் மாளிகை, குடிசை என்ற வேறுபாட்டை வெள்ளம் பார்க்கவில்லை. நீரைத் திறந்த முறையை 2018இல் வெளியான இந்தியத் தணிக்கைத் துறை அறிக்கை கடிந்துரைத்தது. அந்நாட்களில் சென்னையின் பள்ளிவாசல்கள் சாதி மதம் பாராமல் கதவு திறந்து உணவும் தங்குமிடமும் தந்ததை நாடே கண்டது.

வெள்ளம் வடிந்தபின் வேறுபாடு மீண்டும் தோன்றிற்று. மனை உடையவர்கள் தரைத்தளத்தை வாகனம் நிறுத்தக் காலியாக விட்டு, அதன்மேல் வீடு எழுப்பினர். கரையோரக் குடிசைகளில் இருந்தோர் பலர் பெரும்பாக்கம் அனுப்பப்பட்டனர். 2000த்தில் கண்ணகி நகரில் தொடங்கிய இம்முறை, இருந்த இடத்திலேயே வீடு என்ற பழைய கொள்கையை மெல்லப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஆற்றோரம் ஆபத்தானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆற்றின் நெஞ்சிலேயே கட்டப்பட்ட பெருங்கட்டடங்களுக்கு அந்த ஆபத்து ஏன் பொருந்தவில்லை என்றே கேட்கிறோம்.

ஹிஜ்ரி 17ஆம் ஆண்டு கலீஃபா உமர் (ரலி) மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க முனைந்தார்கள். அருகிலிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. விலையோ மாற்று இடமோ தருவதாகக் கூறியும் அவர்கள் இசையவில்லை. நபிகளாரின் (ஸல்) பள்ளிவாசலுக்காகக் கேட்பவர் கலீஃபா. ஆயினும் வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. இசைவின்றி எடுக்க உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. கலீஃபா ஏற்றார்கள். தீர்ப்புத் தமக்குச் சார்பாக வந்தபின்னரே அப்பாஸ் (ரலி) தம் வீட்டை இலவசமாக வழங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் உரைப்பர். குடிசைவாசியிடம் பட்டா இல்லை, ஆகையால் இந்நிகழ்ச்சி பொருந்தாது என்பார் இருக்கலாம். பட்டா இருந்ததா என்பதைவிட, கேட்டார்களா என்பதே நம் கேள்வி.

பெரும்பாக்கத்து அடுக்குகளில் அவர்களுக்குக் கிடைத்தது ஓர் அறையும் கூடமும் சமையலிடமும் கொண்ட கல் வீடு, குடிசையைவிட உறுதியானது. ஆனால் கொத்து வேலையும் வீட்டு வேலையும் கோட்டூர்புரத்திலும் அடையாற்றிலும் அல்லவா இருந்தன! வேலையை விட்டவர்கள் பலர். விடாத பெண்கள் பொழுது புலருமுன் பேருந்து பிடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, தாம் முன்பு நடந்தே சென்ற அதே தெருக்களுக்கு, புதிதாக எழுந்த அடுக்ககங்களில் பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் வருகின்றனர்.