கல்லில் பிறக்கும் கூர்

மாணவ நண்பர்களே, சவரக் கத்தியைத் தீட்டக் கற்றுக்கொண்ட கதையை வரலாற்றுப் பேச்சில் சொல்வதா என்று நீங்கள் வியக்கலாம். அக்கதை நிகழ்ந்த இடம் திருவள்ளூர் வட்டாரம். கல்லைக் கொண்டு கூர் உண்டாக்கிய மனிதனுக்கு நம் நாட்டில் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் சில அம்மண்ணில் உள்ளவை.

1981-இல் ஆசிரியப் பயிற்சியை முடித்துப் பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பணியேற்றேன். என் தந்தையார் விட்டுச்சென்ற ஷெஃபீல்டு கத்தி என்னிடம் இருந்தது. அது மழுங்கியபோது அம்மியில் அழுத்தித் தேய்த்தேன். வாய் அரம்போல் ஆயிற்று!

வேறு வழியின்றி அவ்வூரில் முடிதிருத்தும் முதியவரிடம் சென்றேன். சிறுவர்கூட அவரைப் பெயர் சொல்லி, "வாடா, போடா" என்றுதான் அழைப்பர். அவரோ என்னைக் கண்டதும் திண்ணையிலிருந்து எழுந்து நின்றார். "இன்று நீங்கள்தாம் வாத்தியார், பெரியவரே" என்றேன். அவர் நம்பவில்லை, நான் தரையில் உட்கார்ந்த பிறகே தாமும் உட்கார்ந்தார்.

அவரிடம் இரண்டு கற்கள் இருந்தன. ஒன்று கடையில் வாங்கிய கார்போரண்டம் கல். மற்றொன்று அவருடைய பாட்டனார் காலத்தது, சிலேட்டின் இனம், தேய்ந்து தேய்ந்து விரற்கனமே எஞ்சியிருந்தது. முதற்கல் சிதைந்த வாயைச் சீராக்கும், இரண்டாவது கூரேற்றும். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். முதுகின் தடிப்பே சாய்வை வரையறுத்துவிடுவதால் கோணத்தைக் கை கணிக்க வேண்டியதில்லை. வாய் முன்னே செல்லத் தள்ள வேண்டும். கோடியில் முதுகின்மேல் புரட்டி, மீண்டும் வாய் முன்னே வர இழுக்க வேண்டும். தோல்வாரில் மட்டும் முதுகு முன்னே செல்லும். இல்லையேல் வார் அறுபடும்.

"அழுத்தாதீங்க ஐயா, கத்தியோட கனமே போதும்" என்று எத்தனையோ முறை சொன்னார். நான் அழுத்தினேன். அழுத்தினால் மெல்லிய வாய் வளைந்து பிசிறு கட்டும். பிள்ளைகளை அதட்டியே பழகிய கைக்கு மென்மை எளிதில் வருமா? என் முன்கை மயிர் கத்தி பட்டவுடன் உதிர்ந்தது ஒன்பதாம் நாளில்தான்.

அந்த வாரமே மாணவர்களை அருகிலுள்ள அத்திரம்பாக்கத்திற்கு அழைத்துச் சென்றேன். நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். அங்குள்ள கைக்கோடரிகள் குவார்ட்சைட் என்னும் கடும்பாறையால் ஆனவை. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுட் பழையவற்றிற்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு வயது கூறுகிறது. அவை தீட்டப்பட்டவை அல்ல. கல்லால் கல்லைத் தட்டிச் சில்லு சில்லாகப் பெயர்த்துச் செய்தவை. தேய்த்துக் கூராக்கும் வழக்கம் நம் பகுதிகளில் புதிய கற்காலத்தில்தான் பரவியது. பல்லாரிக்கு அருகே சங்கனகல்லுப் பாறைகளில் கோடரிகளைத் தேய்த்த பள்ளங்களை இன்றும் காணலாம். பெரியவருடைய கல் அந்தப் பாறைக்குத்தான் உறவு.

மற்றொரு கல்லின் வரலாறோ குறுகியது. மணலும் கரியும் மின் உலையில் சேர்ந்து உண்டாகும் அப்பொருளை அமெரிக்கரான அச்சிசன் 1891-இல் கண்டறிந்தார். 1954-இல் தோன்றிய கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனம், பின்னாளில் திருவள்ளூர் மாவட்டத்தில் சில காலம் அடங்கியிருந்த திருவொற்றியூரில் அவ்வகைச் சாணைப் பொருள்களைச் செய்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் சாணைச் சக்கரத்தின்முன் நிற்கும் என் பழைய மாணவன் ஒருவன், "இங்கும் அழுத்தினால் வேலை கெடும் ஐயா" என்றான்.

எய்ட்ஸ் அச்சம் பரவியபின் சலூன்களில் ஆளுக்கொரு பிளேடு என்ற முறை வந்தது. அது நல்ல மாற்றமே. பெரியவரின் பேரன் சிலேட்டுக் கல்லை வேண்டாமென்றான். அவர் அதை என்னிடம் கொடுத்தார். நான் ஓய்வுபெறும் வரை ஆண்டுதோறும் அதை வகுப்பில் காட்டினேன். கரும்பலகையில் ஃபுட்டின் பெயருக்குக் கீழே, அந்தப் பெரியவரின் பெயரை 'ஆர்' விகுதி சேர்த்து எழுதினேன்.